எரிமலைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

மாரமங்கலத்தில் எரிமலை கிளம்பியது எண்பத்திரண்டாம் வருஷம். இதைச் சொன்னால் ஏற்காட்டில் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பும் இல்லை. அந்த எரிமலைக்குக் காவல்காரனாக இருந்தவன் நான். அது ரொம்ப அலுப்பான வேலை. எரிமலை வெடிக்கிற நேரம் கொஞ்சம்தான். வெடிக்காத நேரம் பூராவும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எரிமலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அத்தாயியின் காப்பித் தோட்டத்தில், பலா மரத்துக்கும் எஸ்டேட் எல்லைக் கல்லுக்கும் நடுவில், நெல் அவிக்கிற அண்டாவின் வாய் அகலத்துக்கு ஒரு குழி. அவ்வளவுதான். சித்திரையில் முதல் கோடை மழை கொட்டிய மறுநாள், அந்த இடத்தில் மண் பிளந்து வெள்ளைப் புகை எழும்பியது. உள்ளே உலை கொதிக்கிற சத்தம். அத்தாயி மாட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவள், கையில் தழையோடு வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். குழி ஒரு தும்மல் போட்டது. தும்மலில் ஒரு கல் கிளம்பி, மலைக்கு மேலாகப் பறந்து, ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் நின்றிருந்த பொன்னுவேலின் ஜீப்பில் பின்சீட்டில் போய் விழுந்தது. பொன்னுவேல் அதைக் கவனிக்காமல் மாரமங்கலத்துக்குச் சவாரி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஆக, அந்தக் கல் கிளம்பின இடத்துக்கே டிக்கெட் வாங்காமல் திரும்பி வந்தது. நான் கையில் எடுத்துப் பார்த்தபோது சூடு முழுசாக ஆறவில்லை.

அந்த வாரம் பலா மரத்திலிருந்து விழுந்த பழங்களை அறுத்தால் உள்ளே கொட்டையெல்லாம் வெந்திருந்தது. உப்பு மட்டும்தான் போட வேண்டியிருந்தது.

சேலத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். போய்விட்டார்கள். அதற்கப்புறம் சென்னை ஆபீஸிலிருந்து சேகர் வந்தார். முப்பது வயது இருக்கும். மண்ணையும் பாறையையும் பற்றிப் படித்தவர். நாலு நாள் வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். இரண்டு சட்டையோடு வந்திருந்தார். எங்கள் மலையின் பனிமூட்டத்தில் துவைத்த சட்டை காயாது. அதனால் அவர் எப்போதும் ஈரச் சட்டையோடும் ஜலதோஷத்தோடும்தான் இருந்தார். அவர் தும்மினால் குழி தும்முகிறதா அவர் தும்முகிறாரா என்று ஆரம்பத்தில் குழப்பமாக இருந்தது. பழகிய பிறகு தெரிந்துவிட்டது. குழி தும்மிய பிறகு மூக்கைத் துடைத்துக்கொள்வதில்லை.

"இங்க கருவி பாத்துக் குறிச்சுப் பழக்கம் உள்ளவங்க யாராவது இருக்காங்களா?" என்று அவர் கேட்டபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் ஏற்காட்டுப் பக்கம் வேறோர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மழைமானி பார்த்து எழுதியவன். மழை பெய்தால் பெய்தது என்று எழுதுவேன், பெய்யாவிட்டால் பெய்யவில்லை என்று எழுதுவேன். எரிமலைக்கும் அதே வேலைதான் என்றார் சேகர். தினமும் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து குழிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மழை படாமலிருக்கக் குழிக்கும் எனக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். கூரைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் ஓர் உருளை, உருளைமேல் காகிதம், காகிதத்தின்மேல் ஓர் ஊசி. பூமி அசைந்தால் ஊசி கோடு கிழிக்கும். அத்தாயி அதற்கு ஊசிப்பொட்டி என்று பெயர் வைத்தாள்.

அது ரொம்பக் கூச்ச சுபாவம் உள்ள பெட்டி. அத்தாயி ராகி திரித்தால் ஆடும். பொன்னுவேலின் ஜீப் வளைவில் திரும்பினால் ஆடும். ஒரு மத்தியானம் அலை அலையாக வரைந்து வைத்திருந்தது. சேகர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆழத்துல ஏதோ மெதுவா நகருது" என்றார். அது என் குறட்டை. அதை விளக்கிச் சொல்ல எனக்கு அப்போது சோம்பலாக இருந்தது.

விஷயம் இதுதான். குழிக்கு நேர் கீழே, சரிவில், அத்தாயியின் வீடு. அவள் புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒற்றையாளாகக் காப்பியும் மிளகும் நாலு ஆரஞ்சு மரமும் வைத்துக் காலம் தள்ளுகிறவள். சேர்வராயன் திருவிழா முடிகிறவரை பார்ப்பது, அதற்குள் குழி அடங்காவிட்டால் அந்த வீட்டைக் காலி செய்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையும் தயாராகிவிட்டது. அதை அத்தாயியிடம் சொல்ல வேண்டிய வேலை சேகருக்கு. அவர் மூன்று தடவை மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்.

"கீழயா? அந்த வெயில்ல நான் கருவாடாட்டம் காஞ்சு போயிருவேன் சாமி," என்றாள் அத்தாயி. "காப்பி இப்பத்தான் பிஞ்சு கட்டியிருக்குது. அதய ஆரு பாக்கறது?"

"கல்லு வந்து வீட்டு மேல விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஊட்டு மேல எத்தனையோ பலாக்கா விழுந்திருக்குது. நான் உசுரோட இல்லீங்களா?"

"பலாக்கா கொதிச்சுக்கிட்டு வராதும்மா."

"இந்த வருசம் வெந்துதானுங்க வருது. ரைட்டரக் கேளுங்க, அவருதான் தின்னுக்கிட்டே இருக்கறாரு."

சேகர் என்னைப் பார்த்தார். நான் கொட்டையை வாயின் மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டேன்.

அத்தாயிக்குக் குழிமேல் கோபமே இல்லை. அவள் அதை 'வந்தவரு' என்றுதான் சொல்வாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும், சண்டைக்கே வந்தாலும், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். அதைக் குடித்த பிறகுதான் என்ன ஏது என்ற விசாரணை. "கோவமா வந்திருக்காரு. கோவமா வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்கோணும்," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தினமும் காலையில், நான் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், பித்தளைச் சொம்பு ததும்பத் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க" என்று குழிக்குள் ஊற்றுவாள். ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். விருந்தாளி குடிப்பதை நின்று பார்க்கக் கூடாதாம்.

சேகர் முதலில் தயங்கினார். அப்புறம், "ஊத்தட்டும் பெரியவரே. சூட்டுல தண்ணி ஊத்தினா சூடு குறையும்தானே," என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

அவள் போய்க் களி கிண்டி இறக்குகிற நேரத்துக்குக் குழி உறும ஆரம்பிக்கும். புகை எழும்பும். வெள்ளைக் குழம்பு தெறிக்கும். ஊசி காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும். அத்தாயி கீழே வாசலிலிருந்து, "ஏப்பம் விடறாரு" என்பாள். சேகர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் வெப்பமானியுமாக ஓடுவார். ராத்திரிக் குளிர் விலகி வெயில் ஏறும்போது பாறை விரிவதால் இப்படிக் காலையில் மட்டும் வெடிக்கிறது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். உறுமல் பலமாக இருந்தால் அத்தாயி இன்னொரு சொம்பு கொண்டுவருவாள். அதற்கும் அடங்காவிட்டால் குடத்தோடு வருவாள். அன்றைக்கு மத்தியானம்வரைக்கும் எங்கள் யாருக்கும் சோறு கிடையாது.

இப்படியே போயிற்று. சேகருக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பொன்னுவேல் மட்டும்தான் தெம்பாக இருந்தான். ஒண்டிக்கடையில் நின்றுகொண்டு, சுற்றுலா வந்தவர்களை, "ஏரியப் பாத்தாச்சுங்களா? இனி எரிமலையப் பாக்கலாம் வாங்க" என்று ஜீப்பில் ஏற்றி வந்து, தூரத்திலிருந்தே புகையைக் காட்டிவிட்டுத் திரும்புவான். நாற்பதைத் தொட்டவன், ஆனால் யாருக்கு எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதில் நூறு வயது.

திருவிழா வந்தது. சேர்வராயன் கோயிலுக்கு அத்தாயி சொந்தக்காரர்களோடு மேலே போய்விட்டாள். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் அவரப் பாத்துக்கோங்க" என்று என்னிடம் சொன்னாள். பார்த்துக்கொள்வதுதானே என் வேலை. பார்த்துக்கொண்டேன். குழி சத்தம் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஊசி பள்ளிக்கூடத்துப் பிள்ளை அடிமட்டம் வைத்துக் கிழித்த மாதிரி நேர்க்கோடாகப் போயிற்று.

எனக்கு நிம்மதி. சேகருக்கு அதுவும் நிம்மதியில்லை.

"அடங்கிடுச்சா, இல்ல உள்ள அழுத்தம் சேருதா, தெரியலையே பெரியவரே," என்று குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு சாயங்காலம் நான் போன் பண்ணிச் சொல்லணும். வீட்டக் காலி பண்ணணுமா வேண்டாமான்னு."

"சத்தம் போட்டாலும் பயப்படறீங்க, போடலேன்னாலும் பயப்படறீங்க. அது என்னதான் பண்ணட்டும்?"

"தூங்கட்டும்," என்றார். "அது தூங்கினா நானும் தூங்குவேன்."

அந்த நேரத்தில் அத்தாயி நெற்றி நிறையத் திருநீறோடு மேலேயிருந்து இறங்கி வந்தாள். வீட்டுக்குள் போனவள் உடனே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களிடம் ஏறி வந்தாள்.

"மூணு நாளாத் தண்ணி கூட இல்லாம கெடக்கறாரு. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தீங்களாக்கு?" என்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடம் முழுவதையும் கவிழ்த்தாள். காலிக் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கீழே அவள் வீட்டுக் கூரையில் அடுப்புப் புகை எழும்பியது. களி கிண்டுகிற சத்தம் கேட்டது. அவள் இறக்கி வைத்திருப்பாள் என்று நான் நினைத்த நேரத்துக்கு, குழி வெடித்தது. அப்படி அது அதற்கு முன்னும் பின்னும் வெடித்ததில்லை. தகரக் கூரை எழும்பிப் போய்ப் பலா மரத்தில் தொங்கியது. ஊசி உருளையை விட்டு வெளியே வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் மேலும் வெள்ளையாய் அப்பிக்கொண்டது. எல்லைக் கல்லும் யாரோ வெள்ளையடித்துவிட்ட மாதிரி இருந்தது.

புகை அடங்கியதும் மடியைத் தடவினேன். பயந்தால் எனக்கு வெற்றிலை வேண்டும். மடியில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன, சுண்ணாம்பு டப்பா காலி. கல்லின் மேல் அப்பியிருந்த வெள்ளைச் சாந்து ஆறியதும் ஒரு விரல் வழித்து வெற்றிலையில் தடவினேன். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை, கை பழக்கம். மடித்துப் போட்டு மென்றேன். கொஞ்சம் காரம். மற்றபடி நல்ல சரக்கு.

சேகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"பெரியவரே, நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். கிட்டே வந்து பார்த்தார். நன்றாகச் சிவந்திருந்தது.

அவர் என் நாக்கைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த குடத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். திரும்ப என் நாக்கைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சுட்டு நீற்றாத சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று, வீட்டுக்கு வெள்ளையடித்த யாருக்கும் தெரியும். நீறும், கொதிக்கும், வெடிக்கும். ஊற்றின உடனே இல்லை; கொஞ்சம் யோசித்துவிட்டு.

வெடிச் சத்தம் கேட்டுப் பொன்னுவேல் ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். எங்கள் கோலத்தையும் என் வாயையும் பார்த்தவன், "கண்டுபுடிச்சுட்டீங்களாக்கு?" என்றான்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் சேகர்.

"நாந்தானுங்க பொதச்சது. முந்தி இந்த மேல எஸ்டேட்ல ஒரு தொரை இருந்தாரு. காப்பிச் செடிக்குத் துருசும் சுண்ணாம்பும் கலக்கி மருந்தடிப்பாங்கல்ல, அதுக்குன்னு பீப்பா பீப்பாயா கல்லுச் சுண்ணாம்பு எறக்கினாரு. பொறவு எஸ்டேட்ட வித்துப்போட்டுப் போறப்ப, வாங்கறவனுக்கு எதையும் உடக் கூடாதுன்னு பொதைக்கச் சொன்னாரு. நான் அப்ப டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்தேன். எல்லை எதுன்னு இருட்டுல தெரியல, அத்தாயக்கா தோட்டத்துல தள்ளி மூடிட்டேன்."

"முந்தியே சொல்றதுக்கென்னய்யா?"

"எரிமலை எங்க இருக்குதுன்னு கேட்டீங்க, காட்டினேன். சுண்ணாம்பு எங்க இருக்குதுன்னு ஆருங்க கேட்டீங்க?"

"எத்தன பீப்பாய்?"

"நெறையாங்க. ஒண்ணொண்ணாத் துருப்புடிச்சு ஒடயுதாட்டம் இருக்குது. இன்னும் கொஞ்ச வருசத்துக்கு ஓடும்."

சேகர் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்குத் தூக்கம் வருது," என்று மட்டும் சொன்னார்.

இருந்தாலும் நேர்மையான மனிதர். அன்றைக்குச் சாயங்காலமே ஏற்காட்டுக்குப் போய்ச் சென்னைக்கு போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எரிமலை இல்லை, சுண்ணாம்பு என்றார். எதிர்முனையில் பெரிய அதிகாரியின் குரல் எனக்கே கேட்டது. எரிமலைச் சாம்பலும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்றார் அவர். காவல்காரர் வெற்றிலையில் வைத்துத் தின்று பார்த்தார் என்று சேகர் சொல்லிப் பார்த்தார். அதற்கு எதிர்முனையில், சேகர் ரொம்பக் களைத்திருப்பதாகவும், அடுத்த வாரம் தாங்களே நேரில் வருவதாகவும், தாங்கள் நிற்கும்போது ஊசி ஒரு தடவை துள்ளினாலும் அன்றைக்கே அந்த வீட்டைக் காலி செய்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

ஆக, அந்த ஒரு நாள் குழி தூங்க வேண்டும். அதற்கு அத்தாயி தண்ணீர் ஊற்றக் கூடாது. சின்னக் காரியம் மாதிரித் தெரிகிறதல்லவா. எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அவளிடம் போய்ச் சொன்னோம். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் குடுத்த தண்ணிதான் அவரக் கோவப்படுத்துச்சா?"

"அவர் இல்லம்மா, சுண்ணாம்பு," என்றார் சேகர்.

"சுண்ணாம்பா இருந்தா என்னுங்க சாமி. நம்ம எல்லைக்குள்ள வந்துட்டாரே." கொஞ்ச நேரம் குழிப்பக்கம் பார்த்தாள். "பட்டினி போட்டப்பப் பேசாம இருந்திருக்காரு, பாருங்க. நல்லவரு."

ஊற்ற மாட்டேன் என்று சொன்னாள். சொன்னபடியே ஒரு வாரம் ஊற்றவில்லை. ஆனால் தினமும் காலையில் சொம்பை நிறைத்து வாசலில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் மேலேயிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிமலையைவிட அத்தாயியைக் கண்காணிப்பது சிரமமான வேலை. அவள் அசைந்தால் காட்ட ஊசி கிடையாது.

பெரிய அதிகாரிகள் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஐந்து பேர். சேகர் தகரக் கூரையைத் திரும்பப் போட்டு, ஊசியையும் உருளையில் மாட்டிச் சரிசெய்து வைத்திருந்தார். குழியைச் சுற்றி நின்றார்கள். குழி தூங்கியது. கோடு நேராகப் போயிற்று. அவர்களில் பெரிய அதிகாரி, நரைத்த மீசைக்காரர், குனிந்து பார்த்தார். சேகர் மூக்கைக்கூடச் சிந்தாமல் நின்றார்.

அப்போது அத்தாயி குடமும் சொம்புமாக மேலே ஏறி வந்தாள்.

வந்தவர்களுக்குத் தண்ணீர். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சொம்பு. மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள், ஆசையாகக் குடித்தார்கள். சேகருக்குக் கொடுத்தாள். பிறகு சொம்பைத் திரும்ப நிறைத்துக்கொண்டு, நேராகக் குழியைப் பார்த்து நடந்தாள். நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"அத்தாயி, வேண்டாம்," என்றேன் மெதுவாக.

"இப்ப வந்தவங்களுக்கெல்லாம் குடுத்துப்போட்டு, மொத வந்தவர உட்டுட்டுப் போறதா? என்னால ஆகாதுங்க ரைட்டரே."

"ஊடு போயிரும்."

"தெரியுதுங்க." அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் சொம்பு இறங்கவில்லை. "போனாப் போவுதுங்க. தண்ணி குடுக்காத ஊட்டுல இருந்து என்ன பண்றது?"

மீசைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"அவருக்குக் காவல் நான்தானே. அவரு பங்க எங்கிட்டக் குடு, அவருக்காக நான் குடிக்கறேன்," என்றேன்.

அத்தாயி யோசித்தாள். கல்யாணத்தில் ஒருவர் பங்கை இன்னொருவர் வாங்குவது உண்டு, அதில் குற்றமில்லை. சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். நல்ல பெரிய சொம்பு. காலி செய்து திருப்பிக் கொடுத்தேன்.

மறுபடி நிறைத்தாள். "இது உங்க பங்கு. நீங்களும் மேல ஏறித்தான வந்தீங்க."

குடித்தேன். திரும்பவும் நிறைத்தாள்.

"இது எதுக்கு?"

"ஒரு வாரமா அவருக்குக் குடுக்காத பாக்கி."

குடித்தேன். நிறைத்தாள். குடித்தேன். ஐந்து அதிகாரிகளும் சேகரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வயிறு பறை மாதிரி ஆயிற்று. உள்ளே தண்ணீர் ஒரு தடவை புரண்டதும், பக்கத்திலிருந்த பெட்டியில் ஊசி லேசாக நெளிந்தது. மீசைக்காரர் சட்டென்று குனிந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொம்பைச் சத்தமில்லாமல் விழுங்கினேன். கோடு நேரானது. குடம் காலி. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நிற்க முடியாமல் எல்லைக் கல்லில் சாய்ந்தேன்.

மீசைக்காரர் என்னிடம் வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இவர் தினமும் இங்கதான் உக்காந்திருக்காரா?"

"ஆமா சார்," என்றார் சேகர்.

"ஒரு குடம் தண்ணி குடிக்கிறார். அப்பவும் இப்படி வேர்க்குது. இங்க மேல்மண்ணு சில்லுனு இருக்குது, ஆனா உள்ள எவ்வளவு சூடு இருந்தா ஒரு மனுஷன் இப்படி ஆவான்?" என்று மற்ற நாலு பேரையும் பார்த்தார். நாலு பேரும் தலையசைத்தார்கள். "சுண்ணாம்பாம், சுண்ணாம்பு."

சேகர் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அதை ஒரு கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

அங்கேயே நின்று முடிவு சொன்னார்கள். எரிமலை உள்ளுக்குள் கனன்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தூங்குகிறது. இந்தக் காவல்காரர் இதே மாதிரிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவரைக்கும் கீழே உள்ள வீடு அங்கேயே இருக்கலாம். காவல் எடுக்கப்பட்டால் வீடும் எடுக்கப்பட வேண்டும். சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறுவதற்கு முன் மீசைக்காரர் என் தோளைத் தட்டி, "நிறைய தண்ணி குடிங்க" என்றார்.

சேகருக்கு அந்த வருஷமே மாற்றல் வந்தது, வெயில் அடிக்கிற ஊருக்கு. சட்டை காய்கிற ஊர் என்று சந்தோஷமாகப் போனார். ஊசிப்பொட்டியை எடுத்துப்போகச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அது இங்கேயே கிடக்கிறது. காகிதம் தீர்ந்து, மை காய்ந்து, இப்போது பெட்டிக்குள் ஓர் ஓணான் குடியிருக்கிறது. மீசைக்காரரும் ஓய்வு பெற்றிருப்பார். என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அத்தாயியின் வீடு அந்தப் பதிலில் தொங்குகிறது.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. பஸ் வளைவுகளில் திரும்பும்போது இடுப்பு தனியாகத் திரும்புகிறது. மழைக்காலத்தில் தகரக் கூரை ஓட்டை வழியாகக் குழியில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாது என்று குடையைக் குழிக்குப் பிடித்துவிட்டு நான் நனைகிறேன். பொன்னுவேல் இன்னும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். புகை இல்லாததால், தூரத்திலிருந்து என்னைக் காட்டி, "அதோ பாருங்க, எரிமலைக்காரரு" என்கிறான். சிலர் போட்டோ எடுக்கிறார்கள்.

அத்தாயி தினமும் காலையில் சொம்போடு ஏறி வருகிறாள். வருகிற வேகம் குறைந்துவிட்டது. சொம்பு மட்டும் சிறிதாகவில்லை. இரண்டு சொம்பு, ஒன்று அவர் பங்கு, ஒன்று என் பங்கு. நான் குடிக்கும்போது அவள் திரும்பிக்கொள்வாள்.

இன்றைக்குக் காலையிலும் வந்தாள். மூட்டம் இன்னும் கலையவில்லை. காப்பி பழுத்துச் சிவந்து நிற்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் பறிக்க ஆரம்பிப்பாள். முதல் சொம்பைக் கொடுத்துவிட்டுக் குழிப்பக்கம் தலையை ஆட்டி, "ஏனுங்க, எப்படி இருக்காரு?" என்றாள்.

"தூங்கறாரு."

"நொம்ப நாளாத் தூங்கறாரு," என்றாள். இரண்டாவது சொம்பை என் கையில் வைத்தாள். "நீங்க தூங்குனீங்களா?"

"நான் தூங்கினா ஊசி ஆடும்."

"ஊசிதான் செத்து எத்தனையோ வருசம் ஆச்சுங்களே."

அவள் சொன்னது சரிதான். நான் தூங்கினால் காட்டிக்கொடுக்க இப்போது ஊசி இல்லை என்பது எனக்கு இத்தனை நாளாகத் தோன்றவேயில்லை. தண்ணீரைக் குடித்துச் சொம்பைக் கொடுத்தேன். அவள் இறங்கிப் போனதும் எல்லைக் கல்லில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். கீழே அவள் களி கிண்டுகிற சத்தம் கேட்டது.